ஜெட் ஸ்கி ஸ்கூட்டர் இல்லீங்க!

லீவுக்கு வெளிநாடு போய்க் கடலில் விளையாடப் போகிற குடும்பங்களுக்கு ஒரு சித்த மருத்துவரின் முன்னெச்சரிக்கை

"டாக்டர், இடுப்புல சுளுக்கு பிடிச்சுக்கிச்சு. எண்ணெய் போட்டு நல்லா நீவி விட்டீங்கன்னா சரியாப் போயிடும்..."

நாற்காலியில் உட்கார முடியாமல், என் மேஜையைப் பிடித்து நின்றபடியே சொன்னார் அந்த அம்மா. வயது 58. பக்கத்தில் கணவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பின்னால் மகன்.

"எப்பலேர்ந்துமா வலி?"

"போன ஞாயித்துக்கிழமைலேர்ந்து. குடும்பத்தோட பட்டாயா போயிருந்தோம். அங்கே கோரல் ஐலண்டுக்கு ஸ்பீட் போட்ல கூட்டிட்டுப் போனாங்க. காத்து நல்லா வருதுன்னு முன்னாடி போய் உட்கார்ந்தேன். ஒரு அலை தூக்கிப் போட்டுச்சு பாருங்க... 'டொக்'குன்னு இடுப்புல ஏதோ விழுந்த மாதிரி இருந்தது. ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்."

முதுகெலும்பை மேலிருந்து விரலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தேன். முதுகும் இடுப்பும் சேரும் இடம் வந்ததும் "ஐயோ!" என்று துடித்துவிட்டார்.

"எண்ணெய் அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க."

கணவருக்கு ஏமாற்றம். "சித்த வைத்தியர்கிட்ட வந்தா நீங்களும் எக்ஸ்ரேங்கறீங்களே டாக்டர்!" என்றார் பாதி கிண்டலாக.

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்தபோது, தொக்கணம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் முதல் நாளே சொன்னது இது: 'எப்படி நீவணும்னு ஆறு மாசத்துல கத்துக்கலாம். யாரை நீவக் கூடாதுன்னு தெரிஞ்சுக்கத்தான் படிப்பு.'

அன்று சாயங்காலம் எக்ஸ்ரே வந்தது. இடுப்பின் முதல் முள்ளெலும்பு முன்பக்கமாக நசுங்கி, ஆப்பு மாதிரி ஆகியிருந்தது. சுளுக்கு என்று நினைத்து நான் அமுக்கி நீவியிருந்தால்? நினைத்தாலே உள்ளங்கை வியர்க்கிறது. நசுங்கிய எலும்பு நகர்ந்து தண்டுவடத்தையோ நரம்பையோ அழுத்தினால் கால் மரத்துப்போகும். சிறுநீர், மலம் கட்டுப்பாடு போகும். உடனே எலும்பு மருத்துவரிடம் அனுப்பிவைத்தேன்.

அப்போதுதான் மகன் வாயைத் திறந்தார்.

"அம்மாவுக்கு இப்படி ஆயிடுச்சு. அதைவிடப் பெரிசா எனக்கு ஆகியிருக்கும் டாக்டர். வீட்ல யார்கிட்டயும் சொல்லலை."

அதே தீவில், ஏழு வயது மகனை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு ஜெட் ஸ்கி ஓட்டியிருக்கிறார். வாழ்க்கையில் முதல் தடவை. கரையில் ஒருவர் அரை நிமிஷம் சைகையில் சொல்லிக்கொடுத்தது தான் பயிற்சி. நல்ல வேகத்தில் போகும்போது வாழைப்பழ போட் ஒன்று குறுக்கே வந்திருக்கிறது.

"நம்ம ஸ்கூட்டர் பழக்கம்தானே டாக்டர்... பட்டுனு ஆக்ஸிலேட்டரை விட்டுட்டு ஹேண்டிலைத் திருப்பினேன். திரும்பவே இல்லை! நேரா அந்த போட்டைப் பார்த்துப் போகுது. பிரேக் எங்கேன்னு கை தேடுது, பிரேக்கே கிடையாது. நல்லவேளை, அந்த போட்டுக்காரன் வளைச்சு ஒதுங்கிட்டான்."

வண்டி ரிப்பேரா, இவர் தவறா? ரெண்டும் இல்லை. அந்த வண்டியின் இயல்பே அதுதான்! இதைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் எனக்கே புரிந்தது. பட்டாயா, புக்கெட், பாலி, லங்காவி, மாலத்தீவு என்று நம் குடும்பங்கள் இப்போது சர்வ சாதாரணமாகப் போய்வருகின்றன. என்ன சாப்பிடலாம், எங்கே ஷாப்பிங் பண்ணலாம் என்று ஆயிரம் பேர் சொல்கிறார்கள். இதை யார் சொல்கிறார்கள்? அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஆக்ஸிலேட்டரை விட்டால் திரும்பாது!

ஜெட் ஸ்கி என்பது ஜப்பானின் கவாஸாகி கம்பெனி தன் வண்டிக்கு வைத்த பெயர். வனஸ்பதியை எல்லாம் நாம் 'டால்டா' என்கிறோமே, அது மாதிரி எந்தக் கம்பெனி வண்டியானாலும் இப்போது ஜெட் ஸ்கிதான்.

இது எப்படி ஓடுகிறது? வண்டியின் அடியில் ஒரு வாய் இருக்கிறது. அது தண்ணீரை உறிஞ்சுகிறது. உள்ளே சுழலும் விசிறி அந்தத் தண்ணீரைப் பின்பக்கக் குழாய் வழியாகப் பீய்ச்சி அடிக்கிறது. அந்த வேகத்தில் வண்டி முன்னால் பாய்கிறது. நீங்கள் ஹேண்டிலைத் திருப்பும்போது அந்தப் பின்பக்கக் குழாயின் வாய்தான் திரும்புகிறது. தண்ணீர் பீய்ச்சும் திசை மாறுவதால் வண்டியும் திரும்புகிறது.

ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டால்? பீய்ச்சல் நின்றுபோகும். பீய்ச்சல் இல்லாத குழாயை எந்தப் பக்கம் திருப்பி என்ன பயன்? வண்டி போன வேகத்திலேயே நேராக வழுக்கிக்கொண்டு போகும். மூன்று பேர் உட்காரும் வண்டிகள் பல, ஆள் ஏறாமலே 300 கிலோவுக்கு மேல் இருக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் தாண்டிவிடும். நீங்கள் "ஐயோ" என்று சொல்லி முடிப்பதற்குள் எதிரில் இருப்பது மேலே வந்துவிடும்.

பயந்தால் கையை விடுவது மனித சுபாவம். ஸ்கூட்டரில் அது நம்மைக் காப்பாற்றுகிறது. இங்கே அதுவே ஆபத்து. ஆகவே இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: எதன் மீதும் மோதாமல் தப்பிக்கத் திரும்ப வேண்டுமென்றால் ஆக்ஸிலேட்டர் கொஞ்சமாவது அழுத்தத்தில் இருக்க வேண்டும். சில புதிய மாடல்களில் வேகத்தைக் குறைக்கும் வசதி வந்திருக்கிறது. வாடகைக்கு உங்களுக்குக் கிடைப்பது எந்த மாடல் என்று யாருக்குத் தெரியும்? இல்லை என்று வைத்துக்கொண்டே ஓட்டுங்கள்.

இன்னொரு விஷயம். நம்ம ஊர் ரோட்டில் இடது பக்கம் ஒதுங்குவோம். தாய்லாந்து ரோட்டிலும் அப்படித்தான். ஆனால் கடலில் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் வந்தால் இரண்டுமே தங்கள் வலது பக்கம் ஒதுங்க வேண்டும். இது உலகம் முழுக்க ஒரே விதி. குறுக்கே வருகிற படகு உங்கள் வலது கைப் பக்கத்திலிருந்து வந்தால், நீங்கள்தான் அதற்கு வழிவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தூரம்தான் நம் பிரேக். மற்ற படகுகளிடமிருந்தும் நீந்துகிறவர்களிடமிருந்தும் நன்றாகத் தள்ளியே இருங்கள். மாமா, மச்சான் என்று இரண்டு வண்டி எடுத்துக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் அடிக்கிற விளையாட்டு வேண்டவே வேண்டாம். மோதல்கள் தெரிந்தவர்களுக்குள்ளேயே நடந்துவிடுவதும் உண்டு.

மணிக்கட்டில் ஒரு கயிறு

வண்டியை ஸ்டார்ட் செய்கிற இடத்தில் டெலிபோன் ஒயர் மாதிரி சுருள் சுருளாக ஒரு கயிறு தொங்கும். அதன் மறுமுனையை ஓட்டுகிறவர் மணிக்கட்டிலோ லைஃப் ஜாக்கெட்டிலோ மாட்டிக்கொள்ள வேண்டும். நீங்கள் தண்ணீரில் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு வரும். எஞ்சின் அந்த நொடியே நின்றுவிடும். மாட்டவில்லையென்றால் வண்டி உங்களை விட்டுவிட்டுத் தனியாக ஓடும்.

ஸ்பீட் போட் ஓட்டுகிறவருக்கும் இதே கயிறு உண்டு. 2013 மே மாதம் இங்கிலாந்தின் பாட்ஸ்டோ அருகே ஒரு குடும்பம் தங்கள் சொந்த ஸ்பீட் போட்டில் போனது. திடீரென்று படகு வளைந்ததில் ஆறு பேரும் தண்ணீரில் தூக்கி எறியப்பட்டார்கள். கயிறு யார் உடம்பிலும் மாட்டப்பட்டிருக்கவில்லை. ஆள் இல்லாத படகு வட்டம் போட்டுத் திரும்பி வந்து அவர்கள் மீதே ஏறியது. தந்தையும் ஒரு மகளும் இறந்துபோனார்கள். நல்ல படகு, பழக்கமானவர்கள். மாட்டாமல் விட்டது ஒரு முழக் கயிறு!

படகில் ஏறியதும் ஓட்டுநரின் கையைப் பாருங்கள். கயிறு இல்லையா? "இதை மாட்டிக்கோங்க" என்று சைகையில் சொல்லக் கூச்சப்படாதீர்கள். காசு கொடுத்தது நீங்கள்.

பின்னால் உட்காருகிறவர் கவனத்துக்கு

இந்த விஷயத்தைக் குடும்பப் பத்திரிகையில் எழுதலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். மருத்துவன் கூச்சப்பட்டால் யார் சொல்வது?

ஜெட் ஸ்கியில் பின்னால் உட்கார்ந்திருப்பவர், வண்டி திடீரென்று கிளம்பும்போது மல்லாந்து பின்பக்கமாக விழுவதுண்டு. அங்கேதான் தண்ணீர் பயங்கர அழுத்தத்தோடு பீய்ச்சுகிறது. அந்த நீர் ஆசனவாய் வழியாகவோ பெண்களுக்குப் பிறப்புறுப்பு வழியாகவோ உள்ளே புகுந்தால் குடல், கர்ப்பப்பை வரை கிழிந்துபோகலாம். வெளியே சின்னக் காயம்கூடத் தெரியாமல் இருக்கலாம். தயாரிக்கும் கம்பெனிகளே வண்டியில் இதை எச்சரிக்கையாக ஒட்டியிருக்கின்றன. நீச்சல் உடை, மெல்லிய பைஜாமா எல்லாம் இதற்குப் பாதுகாப்பில்லை. நீச்சல் வீரர்கள் போடுகிற தடிமனான ரப்பர் பேன்ட்தான் வேண்டும். அது கிடைக்கவில்லையென்றால் பெண்களும் குழந்தைகளும் பின்னால் ஏறாமல் இருப்பதே நல்லது.

விழுந்த பிறகு அடிவயிற்றில் வலி, ரத்தப்போக்கு, மயக்கம் எது இருந்தாலும் ஹோட்டல் அறைக்குப் போய்ப் படுக்காதீர்கள். வெட்கப்படாதீர்கள். நேராக ஆஸ்பத்திரி. இதில் மணி நேரம்கூட முக்கியம்.

துப்பட்டா, நீளப் பின்னல், தொங்கும் நாடா, கயிறு எல்லாவற்றையும் அடியில் இருக்கும் வாய் உறிஞ்சிவிடும். பின்னலைக் கொண்டையாகப் போட்டுக்கொள்ளுங்கள். துப்பட்டா கரையிலேயே இருக்கட்டும். எஞ்சின் ஓடும்போது வண்டியின் பின்பக்கம் யாரும் போக வேண்டாம்.

குழந்தைகள்? ஓட்டுவதற்குக் குறைந்தது 16 வயது என்று முக்கியக் கம்பெனிகள் சொல்கின்றன. உட்கார்ந்து போவதற்கும் குழந்தையின் கால் நன்றாக மிதிபலகையைத் தொட வேண்டும். தானாகப் பிடித்துக்கொள்ளும் பலம் வேண்டும். முன்னால் உட்கார வைப்பது தவறு. வண்டி குதிக்கும்போது குழந்தையின் முகம் ஹேண்டிலில் மோதும். "ஸ்கூட்டர்ல முன்னாடிதானே நிப்பான்" என்பீர்கள். மறுபடி அதையே சொல்கிறேன்... இது ஸ்கூட்டர் இல்லீங்க!

ஸ்பீட் போட்டில் எங்கே உட்காருவது?

இப்போது அந்த அம்மாவின் கதைக்கு வருவோம். ஸ்பீட் போட் அலை மேல் ஏறும்போது முன்பக்கம்தான் உயரத் தூக்குகிறது. இறங்கும்போது முன்பக்கம்தான் 'பொத்'தென்று விழுகிறது. முன்சீட்டில் இருப்பவர் அந்தரத்தில் எழும்பி, கட்டாந்தரையில் விழுகிற மாதிரி பெஞ்சில் வந்து விழுவார். அந்த மொத்த அடியையும் வாங்குவது முதுகெலும்பு. இப்படி முள்ளெலும்பு நசுங்குவது இளைஞர்களுக்குக்கூட நடக்கும். மாதவிலக்கு நின்றுபோய் எலும்பில் சத்து குறைந்திருக்கும் நம் வீட்டு அம்மாக்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே பின்பக்கமாக, நடுவில் உட்காருங்கள். இரண்டு பாதமும் தரையில் ஊன்றியிருக்கட்டும். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு கையில் செல்போனை வைத்துப் படம் எடுத்துக்கொண்டே போகாதீர்கள். தூக்கிப் போடுகிறது என்றால் "ஸ்லோ, ஸ்லோ" என்று கத்துங்கள். அந்த வார்த்தை எல்லா ஊரிலும் புரியும்.

கர்ப்பிணிகள், முதுகில் ஆபரேஷன் ஆனவர்கள், எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், வலிப்பு உள்ளவர்கள், இருதயக் கோளாறு உள்ளவர்கள், சமீபத்தில் கண் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் ஜெட் ஸ்கி, வாழைப்பழ போட், பாராசெய்லிங் மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். மெதுவாகப் போகிற பெரிய படகில் போனாலும் அதே கடல்தானே!

ஏணியில் ஏறி இறங்குவதற்கு முன் எஞ்சின் முழுதாக நின்றிருக்க வேண்டும். அடியில் சுழலும் விசிறி கண்ணுக்குத் தெரியாது.

லைஃப் ஜாக்கெட்: தோளைத் தூக்கிப் பாருங்கள்

"எனக்கு நீச்சல் தெரியும்" என்று ஜாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தலையில் அடிபட்டு மயங்கினால் நீச்சல் எங்கே வரும்?

ஜாக்கெட்டைப் போட்டு எல்லா வாரையும் இறுக்கியபின், இன்னொருவரை விட்டு இரண்டு தோள்பட்டையையும் மேலே இழுக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காது வரை ஏறி வந்தால் அது உங்கள் அளவு இல்லை. மாற்றிக் கேளுங்கள். குழந்தைக்குப் பெரியவர் ஜாக்கெட்டைப் போட்டால் தண்ணீரில் விழுந்ததும் குழந்தை கீழே நழுவிவிடும்; ஜாக்கெட் மட்டும் மிதக்கும். சின்னக் குழந்தைகளுக்கு இரண்டு காலுக்கும் நடுவில் வரும் வார் இருக்க வேண்டும். குழந்தை அளவு இல்லையென்று சொன்னால், அந்தப் படகில் குழந்தை ஏறக் கூடாது. அழுதால் அழட்டும். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்துங்கள்.

மே மாதமும் சிவப்புக் கொடியும்

நமக்குப் பள்ளி லீவு மே மாதம். புக்கெட் பக்கத்து அந்தமான் கடலில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரம்பிப்பதும் மே மாதம்தான்! அக்டோபர் வரை அங்கே அலை அதிகம். டிக்கெட்டும் ஹோட்டலும் மலிவாகக் கிடைப்பதற்கு ஒரு காரணம் அதுதான். போகக் கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் படகுப் பயணத்துக்கென்று ஒரே ஒரு நாளை ஒதுக்கி, 'இன்னிக்கு விட்டா போச்சு' என்ற நிலைக்கு வந்துவிடாதீர்கள்.

2018 ஜூலை 5-ம் தேதி புக்கெட் அருகே 'ஃபீனிக்ஸ்' என்ற சுற்றுலாப் படகு புயற்காற்றில் சிக்கி மூழ்கியது. சீனாவிலிருந்து வந்திருந்த 47 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். நம்மைப் போலக் குழந்தை குட்டிகளோடு லீவைக் கழிக்க வந்தவர்கள்தான்.

காலையில் ஹோட்டலில் கேளுங்கள்: "இன்னிக்குக் கடல் எப்படி?" கடற்கரையில் சிவப்புக் கொடி பறந்தால் கடலில் இறங்கக் கூடாது என்று அர்த்தம். படகில் ஏறியதும் ஜாக்கெட் எங்கே, வெளியே வரும் வழி எங்கே என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். காற்று பலமாக இருக்கும் நாளில் கீழ்த்தள ஏ.ஸி. அறைக்குள் போய் முடங்காமல் வாசல் பக்கமாக இருங்கள். ஏஜென்ட் பணத்தைத் திருப்பித் தரவில்லையா? போகட்டும். வாழ்க்கையில் எத்தனையோ செலவு!

வாந்தி, மாத்திரை, பீர்

கடல் பயணத்தில் வயிற்றைப் புரட்டுவது பெரிய தொல்லை. முழு வெறும் வயிறும் கூடாது; பூரி, பொங்கல் என்று மூக்குப் பிடிக்கவும் கூடாது. இரண்டு ரொட்டித் துண்டு, வாழைப்பழம் போதும். இதற்கு நம் பாட்டி வைத்தியமே கைகொடுக்கும். இஞ்சி மொரப்பா ஒரு பாக்கெட் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். படகில் ஏற அரை மணி நேரம் முன்பு ஒரு துண்டு, பிறகு தேவைப்பட்டால் இன்னொரு துண்டு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், சர்க்கரை நோயாளிகளும் தங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். கண்ணை மூடாமல் தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பாருங்கள்.

வாந்திக்கு எதிரான மாத்திரைகள் பல தூக்கத்தை வரவழைக்கும். அதைப் போட்டுக்கொண்டு ஜெட் ஸ்கி ஓட்டாதீர்கள். பீருக்கும் அதே கதைதான். வெயில், வியர்வை, உப்புக்காற்று மூன்றும் சேர்ந்து உடம்பில் நீரை இழுத்திருக்கும். ஊரில் ஒன்றும் செய்யாத அதே ஒரு பாட்டில், அங்கே நிதானத்தைக் கெடுத்துவிடும். ஓட்டுகிறவர் குடிக்கவே கூடாது. பின்னால் உட்காருகிறவரும் கூடாது. பிடித்துக்கொள்ளக் கைக்குப் பலம் வேண்டுமே!

தலைகீழாகச் சுற்றாதீர்கள்

நீரில் மூழ்கியவரைத் தோளில் தலைகீழாகப் போட்டு ஓடுவது, சக்கரத்தில் படுக்க வைத்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுப்பது... இதையெல்லாம் நம் ஊர்களில் இன்னும் செய்கிறார்கள். 'நாட்டு வைத்தியம்' என்றும் சொல்கிறார்கள். சித்த மருத்துவன் என்ற முறையில் சொல்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள். வயிற்றை அமுக்கினால் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போகும். மூளைக்குக் காற்று போகாமல் ஓடுகிற ஒவ்வொரு நிமிஷமும் உயிர்.

செய்ய வேண்டியது இதுதான். ஒருவர் ஆம்புலன்ஸுக்குச் சொல்லட்டும். மல்லாத்திப் படுக்க வைத்து, தாடையை உயர்த்தி, மூச்சு வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து, மார்பு எழும்பும்படி ஐந்து முறை ஊதுங்கள். பிறகு மார்பின் நடுவில் கையை வைத்து 30 முறை அழுத்துங்கள். பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிஷத்துக்கு 100 முதல் 120 வேகம். பின் இரண்டு முறை ஊதுங்கள். மறுபடி 30, மறுபடி 2. உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள். தானாக மூச்சு வந்துவிட்டால் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வையுங்கள்.

பிழைத்து எழுந்தவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இருமல், மூச்சுத் திணறல், அசதி அடுத்த சில மணி நேரத்தில் அதிகமாகலாம். ஊரில் நடக்கும் முதலுதவி வகுப்பில் ஒரு நாள் போய்க் கைப்பழக்கமாகக் கற்றுக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது. படித்துத் தெரிந்துகொள்வது வேறு, கை பழகுவது வேறு.

கையெழுத்துப் போடும் முன்

* பாஸ்போர்ட்டை அடகு மாதிரி யாரிடமும் கொடுக்காதீர்கள். பிரச்னை வந்தால் ஊர் திரும்பவே முடியாது.

* வண்டியை எடுக்கும் முன் நாலு பக்கமும், அடிப்பக்கமும் செல்போனில் வீடியோ எடுங்கள். பழைய கீறலுக்கு உங்களிடம் பணம் கேட்கிற தகராறு பல இடங்களில் நடக்கிறது. பெரிய தொகை கேட்டு மிரட்டினால் போலீஸை அழையுங்கள்.

* தாய்லாந்தில் சுற்றுலாப் போலீஸ் எண் 1155. ஆம்புலன்ஸ் 1669. வேறு நாடு என்றால் அந்த நாட்டு எண்ணை முதல் நாளே குறித்து வையுங்கள்.

* பயண இன்ஷூரன்ஸ் எடுத்திருப்பீர்கள். அதில் ஜெட் ஸ்கி, பாராசெய்லிங் சேர்ந்திருக்கிறதா என்று ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள். பல பாலிஸிகளில் இருக்காது. குடித்திருந்தால் கிடைக்கவே கிடைக்காது.

* வண்டி கவிழ்ந்துவிட்டால் அதை எந்தப் பக்கமாக நிமிர்த்த வேண்டும் என்று பின்பக்க ஸ்டிக்கரில் அம்புக்குறி இருக்கும். கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

* அடிபட்ட பின் முதுகுவலி, கால் மரத்துப்போதல், சிறுநீர் போவதில் மாற்றம் இருந்தால் ஊருக்கு வரும்வரை காத்திருக்காதீர்கள். யாரையும் நீவ விடாதீர்கள். தெருவுக்குத் தெரு இருக்கும் மசாஜ் கடைக்கும் போகாதீர்கள்.

அந்த அம்மா மூன்று மாதம் முதுகில் பெல்ட் போட்டுக்கொண்டு ஓய்வில் இருந்தார். எலும்பு கூடிவிட்டது என்று எலும்பு மருத்துவர் சொன்ன பிறகுதான் என்னிடம் வந்தார். கேழ்வரகு, எள், பிரண்டைத் துவையல் என்று உணவு எழுதிக்கொடுத்தேன். காலையில் இளவெயிலில் நடக்கச் சொன்னேன். இப்போது நன்றாக இருக்கிறார்.

போன வாரம் மகன் வந்திருந்தார். "டாக்டர், அடுத்த லீவுக்கு லங்காவி போறோம். பையன் இப்பவே ஜெட் ஸ்கி, ஜெட் ஸ்கின்னு குதிக்கிறான்."

"என்ன சொன்னீங்க?"

"உனக்குப் பதினாறு வயசு ஆகட்டும்னு சொல்லிட்டேன். அதுவரைக்கும் நீச்சல் கிளாஸ். போன மாசமே சேர்த்துட்டேன். அவங்க பாட்டிதான் கூட்டிட்டுப் போறாங்க."